ஊசியும் ஒற்றைக் கண்ணியும்

நுழையும்முன்

குழந்தை அணைத்துக்கொண்டு உறங்கும் நூல் பொம்மை, விளையாட்டுப் பொருளாக மட்டுமே நம் கண்ணில் படுகிறது. அதனைப் பின்னிய கையின் கணக்கறிவும் உழைப்பும் நம் கருத்தில் படுவதில்லை.

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு நடுத்தர வீட்டின் முன்னறையில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால், அதன் தலையில் வெண்ணிற நூல் விரிப்பு ஒன்றும் இருக்கும். தொலைபேசிக்கு ஓர் உறை, வாயிலுக்கு ஒரு தோரணம், பிறக்கப்போகும் குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் என வீட்டுப் பெண்கள் பின்னிக் குவித்தனர். குரோஷா என்று அவர்கள் அழைத்த அக்கலைக்குத் தேவைப்பட்டவை இரண்டே: ஒரு நூற்கண்டு, நுனியில் கொக்கிபோல் வளைந்த ஓர் ஊசி. பெட்டி போய்த் தட்டைத்திரை வந்தபின் விரிப்புக்கு இடமில்லாமல் போயிற்று. ஊசி ஓய்ந்துவிடவில்லை. யானை, முயல், ஆமை, சாவிக்கொத்துத் தொங்கல், கைப்பேசிப் பை, தலைப்பட்டை எனப் புதிய உருக்களை அது படைத்து வருகிறது. நூலால் பின்னிப் பஞ்சடைத்த பொம்மைகளுக்கு ஜப்பானியர் இட்ட பெயர் அமிகுருமி. பின்னுதலையும் பஞ்சடைத்த பொம்மையையும் குறிக்கும் இரு சொற்கள் இணைந்து உருவான இப்பெயரே இன்று பல நாடுகளிலும் வழங்குகிறது.

கண்ணியின் இயல்பு

நெசவில் பாவு, ஊடை என இருவகை நூல்கள் நெடுக்கும் குறுக்குமாகச் செல்கின்றன. பின்னலில் அவ்வாறில்லை. ஒரே நூல் வளைந்து வளைந்து தன்னையே கோத்துக்கொள்கிறது. அவ்வளைவே கண்ணி. திருப்பூரில் உருவாகும் பனியன் இழுத்தால் நீள்வதும் விட்டால் சுருங்குவதும் கண்ணிகள் நெகிழ்ந்து கொடுப்பதனால்தான்.

இரண்டு நீண்ட ஊசிகளால் கம்பளிச் சட்டை பின்னுவோர், ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதையும் ஊசியில் ஏந்தியிருப்பர். ஒன்று நழுவினால் அதன் கீழுள்ளவை ஏணிப்படிபோல் அவிழ்ந்து இறங்கும். குரோஷாவில் ஒரு பின்னல் முடிந்ததும் ஊசியில் எஞ்சுவது ஒற்றைக் கண்ணி மட்டுமே. மற்றவை யாவும் பூட்டப்பட்டுவிடும். ஆகவே, பாதியில் பையில் போட்டுவிட்டு உலை வைக்கப் போகலாம். திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரலாம். வேலைக்கிடையே ஓயாமல் அழைக்கப்பட்ட பெண்களின் கைக்கு இது வசப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பிழை நேர்ந்தாலும் அச்சமில்லை. நுனியைப் பிடித்து இழுத்தால் பிழை வரை அவிழும். நூலுக்குச் சேதம் வராது.

பந்தின் கணக்கு

யானைப் பொம்மையின் தலையை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு சிறு வளையம். அதனுள் 6 கண்ணிகள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாகப் பின்ன 12 ஆகும். அதற்கடுத்து ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு பின்ன 18 ஆகும். பின்னர் 24, 30, 36. பத்தாம் வகுப்பில் நீங்கள் படித்த கூட்டுத் தொடர்வரிசைதான் இது.

பொது வித்தியாசம் ஏன் 6 ஆக இருக்கிறது? பொம்மைக்குப் பயன்படும் குட்டைப் பின்னலின் உயரமும் அகலமும் ஏறக்குறையச் சமம். ஒரு சுற்றுக் கூடும்போது வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணியளவு வளர்கிறது. ஆரம் 1 கூடினால் சுற்றளவு ஏறத்தாழ 6.28 கூட வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. அதற்கு அருகிலுள்ள முழு எண் 6. எனவே வட்டம் தட்டையாக விரிகிறது. கூட்டுவதை நிறுத்தி அதே 36 கண்ணிகளைச் சுற்றிச் சுற்றிப் பின்னினால் விளிம்பு எழுந்து கிண்ணமாகும். பிறகு சுற்றுக்கு 6 வீதம் குறைத்தால் வாய் குவிந்து பந்தாகும். மூடுவதற்கு முன் பஞ்சை அடைக்க வேண்டும். தும்பிக்கைக்கு, ஏழெட்டுக் கண்ணிகளை எண்ணிக்கை மாறாமல் பின்னிய குழல் போதும்.

நான் படித்த பள்ளியில் தையல் வகுப்பு வந்தால் மாணவர்களாகிய எங்களைத் திடலுக்கு அனுப்பிவிடுவார்கள். ஐம்பது வயதைக் கடந்தபின் மகளிடம் கேட்டு நான் பின்னிய முதல் முயலின் தலை, எண்ணிக்கை பிசகியதால் பந்தாகாமல் படகாயிற்று.

சுற்றுக்கு 6இன்றி இன்னும் மிகுதியாகக் கூட்டிக்கொண்டே போனால், பின்னல் தட்டையாக நிற்க இயலாமல் கோழிக்கொண்டைப் பூவைப்போல் அலையலையாகச் சுருளும். கற்போர் இதைப் பிழையென்று அவிழ்த்துவிடுவர். 1997இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லாட்விய நாட்டுக் கணிதவியலாளர் டைனா டைமினா, அதனையே வேண்டுமென்று செய்தார். யூக்ளிடின் வடிவியலுக்கு அடங்காத அதிபரவளையத் தளம் என்னும் பரப்பை, மாணவர்கள் தொட்டறியும்படி குரோஷாவில் பின்னிக் காட்டினார். காகிதத்தில் ஒட்டிய மாதிரிகள் எளிதில் கிழிந்தன. நூல் மாதிரியோ மடித்தாலும் கசக்கினாலும் நிலைத்தது. அவர் சிறுவயதில் கற்ற கைவேலை அது.

உழைப்பின் விலை

பின்னலாடைகளை ஆயிரக்கணக்கில் தரும் பொறிகள் ஆலைகளில் இயங்குகின்றன. குரோஷாவின் தோற்றத்தைப் போலிசெய்யும் பொறிகளும் உண்டு. உண்மையான குரோஷாவைப் பின்னித்தரும் பொறி மட்டும் ஆலைகளுக்கு வரவில்லை. கடையில் தொங்கும் குரோஷாப் பை மிக மலிவாகக் கிடைத்தால், குறைந்தது பெரும்பாலும் யாரோ ஒருவரின் கூலியாகவே இருக்கும்.

ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்திலுள்ள நரசாப்பூர் இதற்குச் சான்று. 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மறைப்பணியாளர்கள் வழியாக அங்கு வேரூன்றிய குரோஷாப் பின்னல், வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அத்தொழிலை ஆராய்ந்து 1982இல் நூலாக வெளியிட்டார். வீட்டு வேலைகளுக்கிடையே நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய பெண்களை யாரும் தொழிலாளர்களாகக் கருதவில்லை என அவர் காட்டினார். ஓய்வுநேரத்தைப் போக்கும் இல்லத்தரசியர் என்றே அவர்கள் எண்ணப்பட்டனர். வேலைக்கு ஓய்வு என்று பெயரிட்டுவிட்டால் கூலியைக் குறைப்பது எளிது. நரசாப்பூர்க் குரோஷாவுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். கூலியை அதனால் மட்டும் உயர்த்த முடியாது.

வீட்டுக்காகப் பின்னுவோர் கூலியை எதிர்பார்ப்பதில்லை. ஆயினும் அங்கும் கணக்கு உண்டு. கையளவு யானை ஒன்றை முடிக்கப் பழகிய கைக்கே பல மணி நேரம் ஆகும். யாருக்கு என்பதைப் பொறுத்து வேலையும் மாறும். தவழும் குழந்தைக்கெனில் கண்ணுக்கு மணியோ பொத்தானோ வைப்பதில்லை. கழன்றால் குழந்தை விழுங்கிவிடும். கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுவர். பஞ்சு வெளித்தெரியாதபடி கண்ணிகளை இறுக்கிப் பின்னுவர். வாயில் வைத்துச் சப்பும் என்பதால் அடிக்கடி துவைக்கத்தக்க, சாயம் போகாத நூலைத் தேர்வர். கடைசியில் எஞ்சும் நுனியைப் பொம்மையின் வயிற்றுக்குள் செலுத்தி மறைப்பர். அதே நிற நூலில் சில முழங்களைச் சுற்றி எடுத்து வைப்பதும் வழக்கம். இழுத்து இழுத்து யானையின் காது கழன்றுவிட்டது என்று குழந்தை அழுதுகொண்டு வரும் நாளில் அது வேண்டியிருக்கும்.