ஒரு இணைப்பு, 8 கருவிகள்!

கொடுங்கையூரில் ஒரு வீடு. கம்ப்யூட்டருக்கு மட்டும் இன்டர்நெட் உண்டு. மகனின் செல்போனுக்கும் வேண்டும். இன்னொரு இணைப்புக்குப் பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம்! ஒரு தொட்டித் தண்ணீர் பல குழாய்களில் வருவது போல, ஒரு இணைப்பைப் பல கருவிகளுக்குக் கொடுக்கலாம்.

வை-பை வசதி உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரில் "செட்டிங்ஸ்" பகுதியைத் திறக்கவேண்டும். "நெட்வொர்க்" என்பதற்குள் "மொபைல் ஹாட்ஸ்பாட்" இருக்கும். அதை அழுத்தினால் போதும். 8 கருவிகள் வரை சேரலாம். கம்ப்யூட்டரை அணைத்தால், இணைப்பும் போய்விடும்.

பாஸ்வேர்டு ஜாக்கிரதை!

2008-ம் ஆண்டு ஆமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அதுபற்றிய மிரட்டல் ஈ-மெயிலை யாரோ அனுப்பியது, நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டாத வை-பை வழியாக! போலீசார் அந்த வீட்டுக்குத்தான் போனார்கள்.

ஆகவே, பாஸ்வேர்டை வீட்டாருக்கு மட்டும் சொல்லுங்கள்.