சராசரி ஒன்று, மழை மூன்று: ஆர் மொழியில் கிராஃபும் லூப்பும்

ஆர் மொழி படிக்க வருகிறவர்களுக்கு லூப் பாடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். 1 முதல் 10 வரை திரையில் அச்சடி, அப்புறம் ஒற்றைப்படை எண்களை மட்டும் அச்சடி. கிராஃப் வரைவது நாலைந்து பாடம் தள்ளி வேறு எங்கோ வரும். படிக்கிறவருக்கு லூப் எதற்கு என்றும் தெரியாது, கிராஃப் எதற்கு என்றும் தெரியாது.

என் கருத்து, இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கணும். லூப் எழுதும்போதும் கிராஃப் வரையும்போதும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றேதான்: இதில் எது மாறுகிறது, எது மாறக் கூடாது? நம்ம ஊர் மழையை வைத்தே பார்ப்போம்.

முதலில் ஆர் பற்றி இரண்டு வரி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய புள்ளியியல் மொழி இது. இருவர் பெயருக்கும் முதலெழுத்து ஆர். 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வந்தது. காசு கொடுக்க வேண்டாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

மூன்று வருஷம், ஒரே மொத்தம்

கடலூர் மாவட்டத்தின் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகத்தான் வருகிறது. கம்மாபுரம், சேத்தியாத்தோப்பு, சிதம்பரம் பக்கம் சம்பா நட்டவருக்கு வருஷ மொத்தம் எவ்வளவு என்பது முக்கியம்தான். ஆனால் அது எந்த மாதம், எப்படி வந்தது என்பது அதைவிட முக்கியம்.

கீழே இருப்பவை பயிற்சிக்காக நான் போட்ட எண்கள், எந்த மழைமானியின் பதிவும் அல்ல. ஜனவரி முதல் டிசம்பர் வரை, மில்லிமீட்டரில்:

முதல் வருஷம்: 20, 10, 15, 20, 45, 45, 70, 130, 125, 260, 290, 170
இரண்டாம் வருஷம்: 0, 0, 0, 5, 20, 25, 30, 60, 60, 90, 850, 60
மூன்றாம் வருஷம்: 60, 30, 20, 40, 110, 120, 170, 210, 200, 140, 70, 30

மூன்றையும் கூட்டிப் பாருங்கள். மூன்றுமே 1200. மாதச் சராசரி மூன்றுக்குமே 100. சராசரியை மட்டும் அட்டவணையில் போட்டு நீட்டினால், மூன்று வருஷமும் ஒன்றுபோல நல்லாத்தான் இருந்தது என்று எவரும் சொல்வார்.

வயலில் நிற்பவருக்கு அப்படியில்லை. முதல் வருஷம் பயிர் விளைந்திருக்கும். இரண்டாம் வருஷம் நவம்பரில் நட்ட பயிர் தண்ணீருக்குள் போயிருக்கும். மூன்றாம் வருஷம் பருவமழை கைவிட்டிருக்கும், கதிர் பிடிக்கிற நேரத்தில் வயல் காய்ந்திருக்கும். இது கற்பனையில் மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. 2015 நவம்பரில் கம்மாபுரத்துக்குப் பக்கத்து நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டியதை மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு நாளை வருஷக் கணக்கில் கரைத்துவிட்டால் அது வெறும் “சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதல்” என்று ஆகிவிடும்.

லூப் என்றால் மரக்கால்

களத்தில் நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்கு லூப் புதுசு இல்லை. முதல் மரக்காலை “லாபம்” என்று சொல்லிப் போடுவார்கள். அப்புறம் ரெண்டு, மூணு, நாலு. ஒவ்வொரு தடவையும் அதே வேலை: அள்ளு, தலை தட்டு, கொட்டு. மாறுவது எண்ணிக்கை மட்டும்தான். மரக்கால் மாறாது. நடுவில் யாராவது சின்ன மரக்காலை மாற்றி வைத்தால் அந்தக் கணக்குக்கே அர்த்தம் இல்லை.

ஆர் மொழியின் ‘ஃபார்’ லூப் இதேதான். வாசிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்கள் அடிக்கும்போது கட்டளைகளை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்:

பார்(எம்எஃப்ரோ = சி(1, 3))
ஃபார் (ஐ இன் 1:3) {
  பார்பிளாட்(மழை[ஐ, ], மெயின் = வருஷம்[ஐ])
}

‘மழை’ என்பது 3 வரிசை, 12 பத்தி கொண்ட ஒரு மேட்ரிக்ஸ். வரிசைக்கு ஒரு வருஷம். ‘வருஷம்’ என்பது மூன்று தலைப்புகள் கொண்ட பட்டியல். முதல் வரி, திரையைப் பக்கத்தில் பக்கத்தில் மூன்று கட்டமாகப் பிரிக்கிறது. இரண்டாம் வரியில் ‘ஐ’ என்பது 1, 2, 3 என்று முறையாக மாறும். சதுர அடைப்பில் காற்புள்ளிக்கு முன்னால் வரிசை எண், பின்னால் பத்தி எண். பின்னால் ஒன்றும் எழுதாவிட்டால் எல்லா மாதமும் வேண்டும் என்று பொருள். அடைப்புக்குள் இருக்கும் ஒரே வரி மூன்று தடவை ஓடி மூன்று பட்டை கிராஃப் வரையும்.

இங்கேதான் கவனம் தேவை

ஓட்டிப் பார்த்தால் படங்கள் வந்துவிடும். ஆனால் முதல் வருஷ நவம்பர் பட்டையும் இரண்டாம் வருஷ நவம்பர் பட்டையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். ஒன்று 290, இன்னொன்று 850. எப்படி?

ஆர் ஒவ்வொரு படத்துக்கும் அதிலுள்ள பெரிய எண்ணைப் பார்த்துத் தானாகவே ஓர் அளவுகோல் போட்டுக்கொள்கிறது. அதாவது லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் மரக்கால் மாறிவிட்டது. எண்கள் எல்லாம் சரி, நிரலில் பிழை இல்லை, எச்சரிக்கை எதுவும் வரவில்லை. ஆனால் வெள்ள வருஷம் நல்ல வருஷம் போலத் தெரிகிறது. ஓரத்தில் உள்ள சின்ன எண்களை எத்தனை பேர் வாசிப்பார்கள்?

தீர்வு சுலபம். அளவுகோலை நாமே கட்டிவிடணும்:

பார்பிளாட்(மழை[ஐ, ], மெயின் = வருஷம்[ஐ], ஒய்லிம் = சி(0, 900))

இந்த வரியில் ‘ஐ’ இருக்கும் இடமெல்லாம் மாறுவது. ‘ஐ’ இல்லாத இடம் மாறாதது. மழையும் தலைப்பும் மாறுகின்றன, அளவுகோல் மாறவில்லை. இப்போது இரண்டாம் வருஷ நவம்பர் தனிக் கம்பம் மாதிரி எழுந்து நிற்கும். மூன்றாம் வருஷத்தின் கடைசி இரண்டு மாதம் தரையோடு கிடப்பதும் தெரியும். புதிதாகப் படிப்பவர் லூப்பையும் கிராஃபையும் ஒரே மூச்சில் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்.

ஆர் தரும் ஒரு பழைய பாடம்

ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973-ல் நான்கு சின்னத் தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள். நான்கிலும் எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு ஏறக்குறைய 0.816. பொருத்தமான நேர்கோடு போட்டால் நான்குக்கும் ஒரே கோடு. வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணமாகச் சிதறிய புள்ளிகள், இன்னொன்று அழகான வளைவு, மூன்றாவது நேர்கோட்டில் ஒரே ஒரு புள்ளி மட்டும் விலகியது, நான்காவதில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக ஒரே இடத்தில், பதினோராவது மட்டும் தூரத்தில்.

இந்தத் தொகுப்பு ஆர் மொழியுடனே வருகிறது. அதன் உதவிப் பக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டு, 1 முதல் 4 வரை போகும் ஒரு ஃபார் லூப்பில்தான் நான்கு படங்களையும் வரைகிறது. நான்குக்கும் எக்ஸ் அச்சு 3 முதல் 19, ஒய் அச்சு 3 முதல் 13 என்று கட்டிவைத்தும் இருக்கிறது. நம்ம மழைப் படத்தில் செய்த அதே வேலை.

வழியில் மூன்று பள்ளங்கள்

ஒன்று: ஜிஜிபிளாட்2 பயன்படுத்தினால், லூப்புக்கு வெளியே தானாக வரும் படம் உள்ளே வராது. ‘பிரிண்ட்’ கட்டளைக்குள் வைத்தால்தான் வரும். பிழைச் செய்தியும் இல்லாமல், படமும் இல்லாமல் முழிக்கிறவர்கள் நிறைய.

இரண்டு: பல ஊர்களின் மழைக் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டு லூப் ஓட்டும்போது ‘1 முதல் கோப்புகளின் எண்ணிக்கை வரை’ என்று எழுதாதீர்கள். ஃபோல்டர் காலியாக இருந்தால் எண்ணிக்கை 0. ஆர் அதை 1, 0 என்று பின்னோக்கி எண்ணி இரண்டு தடவை ஓடும். ‘செக்_அலாங்’ கட்டளை போட்டால் காலிக்கு ஓடவே ஓடாது.

மூன்று: “ஆர் மொழியில் லூப்பே கூடாது” என்று யாராவது பயமுறுத்துவார்கள். அது பாதி உண்மை. 12 எண்களைக் கூட்ட லூப் வேண்டாம், ‘சம்’ என்ற ஒரு சொல் போதும். எல்லா வரிசைக்கும் மொத்தம் வேண்டுமா, ‘ரோசம்ஸ்’ இருக்கிறது. ஆனால் படம் வரைவது, கோப்பில் சேமிப்பது போன்ற வேலைகளுக்கு ஃபார் லூப் சரியான கருவி. தயங்க வேண்டாம்.

வீட்டுப்பாடம்

மேலே உள்ள 36 எண்களையும் அடித்து, முதலில் ‘ரோசம்ஸ்’ போடுங்கள். அடுத்து ஒய்லிம் இல்லாமல் ஒரு தடவை, போட்டு ஒரு தடவை வரையுங்கள். இரண்டு படத்தையும் விவசாயம் தெரிந்த ஒருவரிடம் காட்டி, எந்த வருஷம் பயிர் போயிருக்கும் என்று கேளுங்கள். எந்தப் படத்தைப் பார்த்து அவர் சட்டென்று பதில் சொல்கிறாரோ, அதுதான் ஒழுங்கான கிராஃப்.