வழக்கு முடிந்தது, நகல் எங்கே?

கொல்கத்தா நகரின் தென்மேற்கே இருக்கிறது பெஹாலா. டயமண்ட் ஹார்பர் சாலையின் இருபுறமும் கடைகள், பட்டறைகள், வீடுகள். பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் இங்கே நெருக்கமாக வாழ்கிறார்கள். மக்கள் கூடி வாழும் இடத்தில் சண்டை சச்சரவும் வரும். சில சண்டைகள் காவல் நிலையம் போகும். சில நீதிமன்றம் வரை போகும்.

நீதிமன்றம் என்றால் பலருக்குப் பயம். வழக்கு முடிந்த அன்று, "தொல்லை விட்டது" என்று வீட்டுக்கு ஓடி வந்துவிடுவார்கள். தீர்ப்பின் நகலை வாங்குவதே இல்லை. அந்த நகல் இல்லாமல் பிறகு படும் பாடு பெரிது.

ஒரு தையல் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்த தெருச் சண்டையில் அவர் பெயரும் சேர்ந்துவிட்டது. நீதிமன்றம் விசாரித்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அவரை விடுதலை செய்தது. இப்போது அவருக்கு வெளிநாட்டில் வேலை வருகிறது. பாஸ்போர்ட்டுக்கு மனு போடுகிறார். காவலர் விசாரணைக்கு வருகிறார்.

"உங்கள் மேல் ஒரு கேஸ் இருக்கிறதே?"

"அது அப்போதே முடிந்துவிட்டது சார்."

"முடிந்தது என்பதற்குக் காகிதம் இருக்கிறதா?"

அவரிடம் காகிதம் இல்லை. 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி, குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். விடுதலையானவருக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் விடுதலையை வாயால் சொன்னால் போதாது. காகிதத்தால் காட்ட வேண்டும்.

அந்தக் காகிதத்தை இப்போதும் வாங்க முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

எந்த நீதிமன்றம்?

முதலில் வழக்கு நடந்த இடத்தை அறிய வேண்டும். கொல்கத்தாவில் குற்ற வழக்குகளை விசாரிக்கும் இடங்கள் பல உள்ளன. பாங்க்ஷால் தெருவில் ஒன்று, சியால்டாவில் ஒன்று, அலிப்பூரில் ஒன்று. பெஹாலா வழக்குகள் அலிப்பூருக்குப் போகும். பெஹாலா, தாகுர்புகுர், ஹரிதேவ்பூர் போன்ற காவல் நிலையங்கள் 2011ஆம் ஆண்டில் கொல்கத்தா நகரக் காவல்துறையின் கீழ் வந்தன. ஆனாலும் நீதிமன்றம் தெற்கு 24 பர்கானா மாவட்டத்தைச் சேர்ந்த அலிப்பூர்தான். பெஹாலாவிலிருந்து வடக்கே போய், மாஜேர்ஹாட் பாலத்தைத் தாண்டினால் அலிப்பூர்.

அலிப்பூரிலும் இரண்டு வகை நீதிமன்றங்கள் உண்டு. சிறிய வழக்குகளை மாஜிஸ்திரேட் விசாரிப்பார். கொலை போன்ற பெரிய வழக்குகள் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும். தீர்ப்புச் சொன்னது எது என்று தெரிந்தால் தேடுவது எளிது.

எந்த எண்?

நீதிமன்றத்தில் ஆயிரக்கணக்கான கட்டுகள் இருக்கும். பெயரை மட்டும் சொன்னால் கிடைக்காது. எண்ணும் ஆண்டும் வேண்டும்.

காவல் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கைக்கு ஓர் எண் உண்டு. ஜி.டி. எண் என்பது வேறு. அது காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதும் எண். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதல் தகவல் அறிக்கை நீதிமன்றத்துக்கு வந்ததும் அங்கே இன்னோர் எண் போடுவார்கள். வங்காளத்தில் அதை ஜி.ஆர். எண் என்பார்கள். காவல் நிலையம் போகாமல் நேரே மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த புகார் என்றால் அது சி.ஆர். எண்.

எண் தெரியாவிட்டால் என்ன செய்வது? பழைய ஜாமீன் காகிதம், சம்மன், வக்கீல் கொடுத்த சீட்டு எதிலாவது எண் இருக்கும். வீட்டுப் பெட்டியைத் தேடிப் பார்க்க வேண்டும். அப்போது வழக்கை நடத்திய வக்கீலிடமோ அவருடைய குமாஸ்தாவிடமோ கேட்கலாம். வக்கீல் குமாஸ்தாவை அங்கே முஹுரி என்று அழைப்பார்கள்.

கணினியிலும் தேடலாம். இந்திய நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்றம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பெயரையோ, வழக்கு எண்ணையோ, காவல் நிலையத்தின் பெயரோடு முதல் தகவல் அறிக்கை எண்ணையோ கொடுத்தால் விவரம் வரும். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 இலக்கக் குறி இருக்கும். அதைக் குறித்துக்கொள்வது நல்லது. மிகப் பழைய வழக்குகள் கணினியில் இல்லாமல் போகலாம். அவற்றை நீதிமன்றப் பதிவேட்டில்தான் தேட வேண்டும்.

மனு போடுவது எப்படி?

நீதிமன்றத்தில் நகல் கொடுப்பதற்கென்று ஒரு பிரிவு உண்டு. அங்கே நகல் மனு கொடுக்க வேண்டும். மனுவில் எழுத வேண்டியவை இவை:

1. நீதிமன்றத்தின் பெயர்
2. வழக்கு எண்ணும் ஆண்டும்
3. வழக்கின் இரு தரப்பினர் பெயர்
4. வழக்கு முடிந்த தேதி
5. வேண்டிய ஆவணம்: தீர்ப்பா, உத்தரவா, சாட்சி வாக்குமூலமா
6. மனு போடுபவர் பெயர், முகவரி, வழக்கில் அவர் யார் என்ற விவரம்

மனுவில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். நகலின் பக்கங்களைக் கணக்கிட்டு அதற்கும் கட்டணம் சொல்வார்கள். அவசரம் என்றால் கூடுதல் கட்டணம் கட்டலாம். கட்டிய பணத்துக்கு ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். மனுவின் எண்ணையும் தேதியையும் குறித்து வைக்க வேண்டும்.

முடிந்த வழக்கின் கட்டு ஆவண அறைக்குப் போய்விடும். அங்கிருந்து எடுத்து வர நாள் ஆகும். ஒரே நடையில் வேலை முடியாமல் போகலாம். அதற்காக மனம் தளரக் கூடாது.

நகல் கையில் வந்ததும் நீதிமன்ற முத்திரையும் அலுவலரின் கையெழுத்தும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இவை இருந்தால்தான் அது சான்றிட்ட நகல். இவை இல்லாத ஜெராக்ஸ் தாள் பல இடங்களில் செல்லாது. பெயர், தந்தை பெயர், வழக்கு எண் மூன்றும் சரியா என்று எழுத்துக் கூட்டியாவது படித்துப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

யாருக்கு என்ன உரிமை?

இந்த உரிமை சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. முன்பு 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 363ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் அது 404ஆம் பிரிவு.

சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு சொன்ன உடனே அதன் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். மேல்முறையீடு செய்ய அது தேவை. மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். நகலுக்காகக் காத்திருக்கும் நாட்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தீர்ப்பால் பாதிக்கப்படும் எவரும் கட்டணம் கட்டி நகல் கேட்கலாம். அடிபட்டவர் கேட்கலாம். இறந்தவரின் குடும்பத்தார் கேட்கலாம். வழக்கோடு தொடர்பில்லாதவர், எதற்கு வேண்டும் என்று காரணம் எழுதி நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். நீதிமன்றத்தின் விதிப்படியே நகல் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது.

புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காவல் நிலையம் இலவசமாகக் கொடுக்க வேண்டும். அந்த அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்ற வழக்குகளுக்கு இதில் விலக்கு உண்டு.

எல்லாவற்றையும் எல்லோரும் பார்க்க முடியாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடுவது குற்றம். வழக்கில் சிக்கிய சிறுவர்களின் பெயரையும் வெளியிடக் கூடாது. இவர்களின் வாழ்வைக் காக்கவே இந்தத் தடை.

ஒரு பழைய வழக்கு

அலிப்பூரில் நடந்த பெரிய வழக்கு ஒன்று நாடு முழுவதும் தெரிந்தது. 1908ஆம் ஆண்டில் தொடங்கிய வெடிகுண்டு வழக்கு அது. கைதானவர்களில் அரவிந்தரும் ஒருவர். ஓராண்டு சிறையில் இருந்தார். அவருக்காக வாதாடியவர் சித்தரஞ்சன் தாஸ். 1909 மே 6 அன்று நீதிபதி பீச்கிராப்ட் அரவிந்தரை விடுதலை செய்தார். அரவிந்தர் 1910இல் புதுச்சேரிக்கு வந்து, கடைசி வரை அங்கேயே வாழ்ந்தார்.

நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. அவர் விடுதலையானவர் என்பதை இன்று யாரும் மறுக்க முடியாது. தீர்ப்பு எழுத்தில் இருக்கிறது. தையல் தொழிலாளியின் வழக்கை வரலாறு எழுதாது. ஆனால் அவருடைய தீர்ப்பும் அதே போன்ற தீர்ப்புதான். அதுவும் எழுத்தில்தான் இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டியது அவர் வேலை.

கவனிக்க வேண்டியவை

பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒருவர் ஆகிவிட மாட்டார். கணினியில் ஒரு பெயரைப் பார்த்ததும், பக்கத்து வீட்டுக்காரர் குற்றவாளி என்று பேசுவது பெரிய பாவம். வழக்கு இருப்பது வேறு, குற்றம் நிரூபிக்கப்படுவது வேறு. தீர்ப்பைப் படிக்காமல் எதையும் சொல்லக் கூடாது.

எல்லா வழக்குக் கட்டுகளையும் நீதிமன்றம் என்றென்றும் வைத்திருக்காது. விதிப்படி சில காலம் கழித்துப் பலவற்றை அழித்துவிடுவார்கள். ஆகவே வழக்கு முடிந்தவுடனே நகல் வாங்குவதே நல்லது. இரண்டு நகல் வாங்கி, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை நம்பிக்கையான உறவினரிடமும் வைக்கலாம்.

வழி தெரியாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், சிறையில் இருப்போர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு அங்கே இலவசமாக வக்கீல் உதவி கிடைக்கும். தொலைபேசி எண் 15100.

அலிப்பூர் நீதிமன்றத்தின் காகிதங்கள் வங்காளியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழ் மட்டும் தெரிந்தவர் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போகலாம். ஆனால் தன் பெயரையும் வழக்கு எண்ணையும் தேதியையும் தானே அடையாளம் கண்டுகொள்ளக் கற்றுக்கொள்ள வேண்டும். அவ்வளவு தெரிந்தால் போதும், எவரும் ஏமாற்ற முடியாது.