அதிகம் ஓடிய காரும் அதன் எஞ்சினும்: நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

கடந்த மழைக்காலத்தில் நம் அறக்கட்டளையின் நோயாளர் வாகனம் ஏழு வாரம் ஒர்க்‌ஷாப்பில் நின்றதைப் பலரும் அறிவீர்கள். ஏன் என்று கேட்டவர்களுக்கு அப்போது "எஞ்சின் கோளாறு" என்று மட்டும் சொன்னோம். அந்த வண்டி உங்கள் நன்கொடையில் வாங்கியது, எங்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆகவே முழு விவரத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் சிறு கசிவு இருந்தது. டிரைவர் முன்கூட்டியே சொன்னார். "அடுத்த மாதம் பார்க்கலாம், அதுவரை தண்ணீர் ஊற்றி ஓட்டுங்கள்" என்றவர்கள் நாங்கள்தாம். ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்த ஒருவரை வீட்டுக்கு அழைத்து வரும்போது வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. நோயாளியை நடுவழியில் இறக்கிவிட மனமில்லாமல் டிரைவர் மேலும் ஏழு கிலோமீட்டர் ஓட்டினார். ஹெட் கேஸ்கெட் போனது, சிலிண்டர் ஹெட்டும் வளைந்தது. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு 48,000 ரூபாய் செலவானது. அந்த ஏழு வாரமும் டயாலிசிஸுக்குச் செல்லும் நான்கு பேர் ஆட்டோவிலும் பேருந்திலும் அலைந்தார்கள். தவறு டிரைவருடையது அல்ல, எங்களுடையது.

நம் மஹல்லாவில் கால் டாக்ஸி ஓட்டியும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியும் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு. பெரும்பாலும் கடன் வாங்கி, ஏற்கெனவே ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய காரைத்தான் வாங்குகிறோம். எஞ்சின் படுத்தால் மாதத் தவணை படுக்காது. எங்கள் அனுபவத்தோடு, அதன்பின் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே தருகிறோம்.

மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்ட் பகுதியில் இர்வ் கார்டன் என்ற அறிவியல் ஆசிரியர் இருந்தார். 1966இல் ஒரு வோல்வோ பி1800எஸ் கார் வாங்கினார். 2013இல் அந்த ஒரே கார் 30 லட்சம் மைலைக் கடந்தது, அதாவது 48 லட்சம் கிலோமீட்டருக்கு மேல். எஞ்சினை முதன்முறையாகப் பிரித்துச் சீரமைத்ததே 6,80,000 மைலில்தான். ரகசியம் என்ன என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்னது மிக எளிமையானது: காரோடு தந்த கையேட்டின்படி நடப்பது, ஏறக்குறைய 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சின் ஆயிலை மாற்றுவது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் வேலைக்குப் போய்வர நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் ஓட்டினார். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் எஞ்சின் சரியான சூட்டில் இருக்கும், ஆயிலும் எல்லா இடத்துக்கும் சரியாகச் செல்லும். நகர நெரிசலில் ஏசி போட்டு நிற்கும் காருக்கு மீட்டர் நகராது, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே 80,000 காட்டும் நகரத்துக் கார், ஒன்றரை லட்சம் காட்டும் நெடுஞ்சாலைக் காரைவிட அதிகம் தேய்ந்திருக்கக்கூடும். மீட்டரை மட்டும் பார்த்து விலை பேசுவது சரியல்ல.

எஞ்சின் எதனால் தேய்கிறது?

எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் நேராக உரசுவதில்லை. நடுவே மெல்லிய ஆயில் படலம் ஒன்று காக்கிறது. நாளாக ஆக அந்த ஆயிலில் புகைக்கரியும், எரியாத எரிபொருளும், ஈரமும் கலக்கின்றன. அதில் சேர்த்திருக்கும் காப்புப் பொருள்களும் தீர்ந்துவிடுகின்றன. பிறகு அது கசடாகிக் குழாய்களை அடைக்கும். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், அது இயல்பு. நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் கிலோமீட்டரையும் மாதத்தையும் கணக்கு வையுங்கள். கையேட்டில் "இத்தனை கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ" என்றிருக்கும். தூசி, நெரிசல், குறுந்தூர ஓட்டம் ஆகியவை கடுமையான பயன்பாடு. அதற்கு இன்னும் முன்னதாகவே மாற்ற வேண்டும். ஆயிலோடு ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள்.

இரவு முழுதும் நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சிலரேட்டரை உறுமவிடுவது எஞ்சினைத் தேய்க்கும் பழக்கம். அரை நிமிடம் விட்டு, முதல் சில கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினால் போதும். டர்போ உள்ள வண்டியை நீண்ட வேகப் பயணத்துக்குப் பின் உடனே அணைக்காமல், ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள்.

வாரம் ஒருமுறை, ஐந்து நிமிடம்

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து மீண்டும் விட்டுப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். குறைந்தாலும் கேடு, மேல் குறியைத் தாண்டினாலும் கேடு.

எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீறிடும். கூலன்ட் வெறும் வண்ணத் தண்ணீர் அல்ல. உட்புறம் துருப்பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் அதுதான். நம் ஊர் உப்புத் தண்ணீரை ஊற்றினால் கெட்டிலில் படிவதுபோல உள்ளே படிந்து வழியை அடைக்கும். அவசரத்துக்கு ஊற்றினாலும் சீக்கிரமே சுத்தம் செய்து சரியான கூலன்ட்டை நிரப்புங்கள். அளவு அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

ஏர் ஃபில்டரை மறந்துவிடாதீர்கள். அது கிழிந்தாலோ சரியாகப் பொருந்தாவிட்டாலோ புழுதி உள்ளே போய் சிலிண்டரை உப்புத்தாள்போலத் தேய்த்துவிடும். டைமிங் பெல்ட் ரப்பராக உள்ள காரில், கையேடு குறித்த தூரத்தில் அதை மாற்றியே ஆக வேண்டும். ஓட்டத்தில் அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வை மோதி வளைத்துவிடும்.

பழைய கார் வாங்கும்போது

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள், முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்தால் பல குறைகள் மறைந்துவிடும். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் மோர்போல வெளுத்திருந்தால், ஆயிலில் தண்ணீர் கலக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். நீலப் புகை ஆயில் எரிவதையும், சூடான பிறகும் நிற்காத வெண்புகை கூலன்ட் உள்ளே போவதையும், கரும்புகை எரிபொருள் சரியாக எரியாததையும் காட்டும். மீட்டர் குறைவாகவும் பெடல் ரப்பர் வழுவழுவெனவும் இருந்தால் கேள்வி கேளுங்கள். சர்வீஸ் ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நம்பிக்கையான மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லும் கூலி, பின்னால் வரும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

முள் சிவப்பைத் தொட்டால் அடுத்த ஊர் வரை என்று எண்ணாதீர்கள். ஏசியை அணைத்து, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிடுங்கள். ஆயில் விளக்கு எரிந்தாலும் அப்படியே. உள்ளே இருப்பவரை வேறு வண்டியில் அனுப்ப முடியும்.

இப்போது நம் வாகனத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. தேதி, மீட்டர் அளவு, பார்த்த வேலை, செலவு, டிரைவர் கவனித்த குறை ஆகியவை அதில் பதிவாகின்றன. குறை எழுதிய மூன்று நாளுக்குள் அதன் கீழே என்ன செய்தோம் என்று நாங்கள் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது நிர்வாகக் குழுவின் முடிவு. நோட்டு அலுவலகத்தில் யாரும் பார்க்கலாம். உங்கள் காருக்கும் இப்படி ஒன்றை இன்றே தொடங்குங்கள். ஒரு நோட்டின் விலைதான்.