கட்டிலைச் சுமந்த நால்வர்



முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் கட்டிலோடு தூக்கி வந்ததை மாற்கு நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கூட்டம் வழிவிடாததால் கூரையைப் பிரித்து அவரை இயேசுவின் முன் இறக்கினார்கள். சுமந்து வந்தவர்களின் நம்பிக்கையையும் ஆண்டவர் கண்டார். அத்தகைய நால்வரை எதிர்பார்த்திருக்கும் சில வீடுகளைப் பற்றி இன்று சிந்திப்போம்.

அல்சைமர் என்னும் மறதிநோயை 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் முதன்முதலில் விவரித்தார். மூளைச் செல்கள் சிறிது சிறிதாக அழிய, நினைவும் பேச்சும் உறவினர் முகங்களும் மறைந்துபோகின்றன. பெரும்பாலும் இது 65 வயதுக்குப் பின் வருகிறது. பெற்றோருக்கு முதுமையில் வந்ததாலேயே பிள்ளைகளுக்கும் கட்டாயம் வரும் என்பதில்லை. ஆனால் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு, ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் நாற்பது, ஐம்பது வயதிலேயே நோய் தொடங்கிவிடுகிறது. அவர்களுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மரபணு வந்துசேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

அந்த வீட்டின் நிலையை எண்ணிப் பார்ப்போம். உழைக்கும் வயதில் தந்தை வேலையை இழக்கிறார். பள்ளி செல்லும் பிள்ளை, "எனக்கும் வருமோ?" என்று அஞ்சுகிறது. ஊரார் 'பைத்தியம் ஓடுகிற குடும்பம்' என்கிறார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். அக்குடும்பம் கதவைச் சாத்திக்கொள்கிறது.

தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், அந்தியோக்கியா மாநில மலைக் கிராமங்களில் இந்நோய் தலைமுறை தலைமுறையாக வந்தது. கத்தோலிக்கர் நிறைந்த அந்த ஊர்களில் பலர் அதைச் சாபம் என்றும் சூனியம் என்றும் நம்பினார்கள். 1980-களில் மருத்துவர் பிரான்சிஸ்கோ லோபெராவும் அவருடைய குழுவினரும் வீடு வீடாகச் சென்று, ஏறத்தாழ 6,000 பேர் கொண்ட அந்த உறவுக் குடும்பங்களைக் கண்டறிந்தார்கள். காரணம் மரபணு மாற்றமே என்று தெளிவானது. நோயைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனாலும் தங்கள் துன்பம் தெய்வ தண்டனை அன்று என்பதை அக்குடும்பங்கள் அறிந்துகொண்டன.

நமது நாட்டில், கேரளத்தின் குன்னங்குளத்தில் மருத்துவர் ஜேக்கப் ராய் 1992-இல் அல்சைமர் நோயாளிகளுக்கான சங்கத்தைத் தொடங்கினார். இன்று சென்னை உட்படப் பல நகரங்களில் அதற்குக் கிளைகள் உண்டு. நோயாளியைப் பராமரிப்போர் ஒன்றுகூடி, தங்கள் சுமையைச் சொல்லி, ஒருவருக்கொருவர் வழிகாட்டுவது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று.

ஆலங்குளத்தில் நாம் என்ன செய்யலாம்? மனைவி மில்லுக்கோ பட்டாசு ஆலைக்கோ போகும்போது, அன்பியத்தார் முறைவைத்து நோயாளியோடு இருக்கலாம். வழி தவறி நிற்பவரை இளைஞர்கள் வீடு சேர்க்கலாம். பிள்ளைகளின் படிப்புச் செலவை வின்சென்ட் தே பால் சபையார் கவனிக்கலாம். வரன் பேசும் இடத்தில் அக்குடும்பத்தின் நோயைப் புறணியாக்காமல் நாவைக் காக்கலாம். மரபணுப் பரிசோதனை செய்வதும் செய்யாதிருப்பதும் வயதுவந்த பிள்ளைகளின் சொந்த முடிவு. மருத்துவ ஆலோசனை பெற்ற பின்னரே அதை எடுக்க வேண்டும், யாரும் வற்புறுத்தலாகாது.

மறதி எல்லாம் அல்சைமர் அன்று. தைராய்டு குறையாலும், வைட்டமின் பி12 பற்றாக்குறையாலும் மறதி வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே முதலில் மருத்துவரிடம் காட்டுவோம். முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசின் இலவச எண்களை அழைக்கலாம்.

தந்தையின் அறிவு தளர்ந்தாலும் அவரை இகழாமல் பொறுமையோடு நடத்தும்படி சீராக்கின் ஞானம் 3-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. அப்பொறுமையை ஒரு வீட்டாரிடம் மட்டும் எதிர்பார்ப்பது நியாயமா? இந்த வாரம் நமது அன்பியக் கூட்டத்தில், சாத்திய கதவு எதுவென்று கேட்டு, இருவராகச் சென்று தட்டுவோம். நம்மை மறந்தவர்களையும் ஒருபோதும் மறவாத இறைவன் நம்மோடு வருவாராக. ஆமென்.