கோழிக்கு முன்னாடி கூண்டு



சங்கத்தில் கடன் வாங்கி நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்று நம்மில் பலர் ஆசைப்படுகிறோம். நல்ல யோசனைதான். ஆனால் "நாலு கோழியை வாங்கி விட்டா தானா மேஞ்சு வளந்திடும்" என்று இருந்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். நாய் தூக்கிப் போன கோழிக்கும் மாதத் தவணை கட்டித்தானே ஆக வேண்டும்?

ஒரு கணக்கு பார்ப்போம்

ஒரு கோழி வருஷத்துக்கு மூன்று தடவை அடை உட்கார்ந்து, தடவைக்கு 10 குஞ்சு பொரிப்பதாக வைத்துக்கொள்வோம். நாலு கோழிக்கு 120 குஞ்சு. அதில் பாதியைக் காக்காவும் கீரியும் கொண்டு போனால் 60 போச்சு. தவணை போக நம் கையில் நிற்க வேண்டிய பணம் அந்த 60 குஞ்சில்தான் இருக்கிறது.

எது எப்போது வரும்?

பகலில் பருந்து, வல்லூறு, காக்கா, கீரி வரும். இவை அதிகமாகக் குஞ்சுகளைத்தான் தூக்கும். ராத்திரியில் காட்டுப்பூனை, மரநாய், பெருச்சாளி, பாம்பு. நாய்க்கு மட்டும் நேரம் காலம் கிடையாது. ஆகவே பகலுக்கு ஒரு காவல், ராத்திரிக்கு ஒரு காவல் வேண்டும்.

ராத்திரிக்குக் கூண்டு

10 கோழிக்கு 4 அடி நீளம், 3 அடி அகலம் போதும். கால் கொடுத்து, தரையிலிருந்து 2 அடி உயரத்தில் கூண்டு நிற்கட்டும். மெல்லிய கோழிவலையை நாய் பல்லால் கிழித்துவிடும். பெரிய கண் உள்ள வலையில் கீரி நுழைந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள கெட்டியான கம்பி வலைதான் நல்லது. தரையிலேயே கூண்டு வைப்பவர்கள் சுற்றிலும் 1 அடி ஆழத்துக்கு வலையைப் புதைத்து, மேலே கல் அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பறித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். கதவுக்குக் கொண்டி அவசியம்.

பொழுது சாயும்போது எண்ணிப் பார்த்து அடையுங்கள். முட்டையை அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள். சிந்திய தீனியைக் கூட்டிவிடுங்கள். தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

பகலுக்குப் பஞ்சாரம்

'கோழி மிதித்துக் குஞ்சு சாகாது' என்பார்கள். ஆனால் காக்கா கொத்தினால் செத்துவிடும். முதல் நாலு வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, நாம் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் திறந்துவிட வேண்டும். நாய் தள்ளிவிடாதபடி பஞ்சாரத்தின் மேல் ஒரு கல் வையுங்கள். மேய்கிற இடத்தில் வாழையோ, செடி மறைவோ இருந்தால் பருந்து நிழல் தெரிந்ததும் குஞ்சுகள் ஓடி ஒளியும். முதல் தடவை வாங்கும்போது வெள்ளைக் கோழியை விட்டு, மண்நிறக் கோழியாகப் பாருங்கள். வெள்ளை நிறம் பருந்து கண்ணில் சட்டென்று படும்.

நம்ம வீட்டு நாய்

புதுக்கோழி வந்த சில நாளைக்கு நாயைக் கட்டிப் போட்டு, கோழியைப் பார்த்துப் பழக விடுங்கள். பாய்ந்தால் அதட்டுங்கள். சும்மா படுத்திருந்தால் ஒரு வாய் சோறு போடுங்கள். பழகியது போலத் தெரிந்தாலும் குஞ்சுகளோடு தனியாக விட வேண்டாம். கோழிக்குடலையும் செத்த கோழியையும் நாய்க்குப் போடாதீர்கள். ருசி கண்ட நாயைத் திருத்துவது கஷ்டம். செத்த கோழியை ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். வெளியே எறிந்தால் தெரு நாயெல்லாம் கூடிவிடும்.

விஷம் வேண்டவே வேண்டாம்

கோபத்தில் விஷம் வைப்பது பெரிய ஆபத்து. நம் வீட்டு நாயும், ஆடும், ஏன் குழந்தையும்கூட அதைத் தொட்டுவிடலாம். கீரி, காட்டுப்பூனை, மரநாய் மூன்றும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. அவற்றைக் கொன்றால் வழக்கு வரும்.

குழுவில் பேசுவோம்

பக்கத்து வீட்டு நாய் கோழியைப் பிடித்தால் தெருவில் சண்டை வேண்டாம். குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசுவோம். கோழிகளைத் திறந்துவிடும் நேரத்தில் நாயைக் கட்டி வைப்பது என்று ஒரு தெருவே முடிவு செய்தால் பாதிக் கவலை தீரும்.

கோழிக்கடன் வாங்குபவர்கள் முதல் பணத்தில் வலையும் பஞ்சாரமும் வாங்குங்கள், மீதியில் கோழி வாங்கலாம். இனி கோழிக்கடன் கேட்டு வரும் உறுப்பினரிடம் குழுவில் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "கூண்டு தயாரா அக்கா?"