கணக்கில் நூறு, விளையாட மட்டும் ஆள் இல்லை

29சி பஸ் பெசன்ட் நகரிலிருந்து பெரம்பூர் வரை எங்கெங்கே நிற்கும் என்று வரிசையாகச் சொல்வான். கணக்கில் நூறு வாங்குவான். ஆனா அப்பார்ட்மென்ட் பசங்க விளையாடக் கூப்பிட்டா என்ன பேசுறதுன்னு தெரியாம வீட்டுக்குள்ள ஓடி வந்துடுவான். மயிலாப்பூரோ அடையாறோ, இப்படிப் பிள்ளை இருக்கும் வீடுகளில் கேட்கும் பதில் ஒன்றுதான்: "நல்லாதானே படிக்கிறான், போகப்போகச் சரியாயிடும்." பெண் பிள்ளை என்றால் 'அடக்கமான பொண்ணு' என்று பாராட்டே கிடைத்துவிடும்!

மார்க் நன்றாக இருப்பதால்தான் இது யார் கண்ணிலும் படுவதில்லை.

வெறும் கூச்சமாக இருக்கலாம். பதற்றமாகவோ, காது சரியாகக் கேட்காததாகவோகூட இருக்கலாம். ஆட்டிசமாகவும் இருக்கலாம், நன்றாகப் பேசுகிற, படிக்கிற பிள்ளைகளுக்கும் ஆட்டிசம் உண்டு. போனில் தேடினால் 'ஆஸ்பெர்கர்' என்ற பெயர் வரும். 2013-ல் வெளியான டி.எஸ்.எம்-5 மருத்துவக் கையேடு அதை ஆட்டிசத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டது. ரீல்ஸ் பார்த்து நீங்களே முடிவு பண்ணிடாதீங்க.

அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு பரிசோதனைக்கு வரும். 18 வயது வரை, வளர்ச்சிக் குறைபாடுகளையும் பார்ப்பார்கள். ஆனால் அந்தச் சில நிமிடத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளை தப்பிவிடும். வகுப்பு ஆசிரியர் வழியாக நீங்களே முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். தனியார் பள்ளிப் பிள்ளை என்றால் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம். முதலில் பேசிப் பார்க்கணும்னா டெலி மனாஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

போகும்போது "கூச்சப்படுறான் டாக்டர்" என்று மட்டும் சொன்னால் போதாது. எப்போதிலிருந்து, யாரோடு, எந்த இடத்தில் என்று ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். டீச்சரிடம் நாலு வரி எழுதி வாங்குங்கள். உங்கள் போனில் கிடக்கும் சின்ன வயது வீடியோக்கள் ரொம்ப உதவும்.

பரிசோதனைக்குப் போனாலே முத்திரை குத்திவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். பரிசோதனை வேறு, சான்றிதழ் வேறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. ஆனால் யுடிஐடி அட்டை நீங்கள் விண்ணப்பித்தால்தான் வரும். தேவைப்பட்டால் ஸ்வாவ்லம்பன் கார்டு இணையதளத்தில் பிறகு விண்ணப்பிக்கலாம்.

வீட்டில் "போய் எல்லார்கூடவும் பேசு" என்று தள்ளுவதால் பலன் இல்லை. எப்படிப் பேசுவது என்பதுதானே அவனுக்குத் தெரியவில்லை! "நானும் ஆட்டத்துல சேர்ந்துக்கலாமா?" என்ற ஒரு கேள்வியை வீட்டிலேயே நாலு முறை கேட்டுப் பழக்குங்கள். பத்து நண்பர்கள் வேண்டாம், அதே பைத்தியம் உள்ள ஒருவன் போதும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் பஸ், கிரகம், டைனோசர் என்று தேடுகிற இன்னொரு பிள்ளை கிடைக்கலாம். விருந்தாளி வந்ததும் "அங்கிளுக்கு ஒரு பாட்டு பாடு" என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பள்ளியில் கிண்டல், அடி என்று தெரிந்தால் பரிசோதனை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098.